எதிர்க்கடையும் எங்கள் கடையும்

புளித்துப் பொங்கிய மாவின் வாசனை எங்கேயாவது மூக்கில் ஏறினால், கள்ளிக்குப்பத்தில் நாங்கள் வாடகைக்கு எடுத்திருந்த ஒடுங்கிய கடையும், கிரைண்டர் சத்தத்தை மிஞ்சும் குரலில் எதிர்க்கடைக்காரியைத் திட்டிக்கொண்டே மாவு அள்ளும் அம்மாவும்தான் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் வரும். எதிர்க்கடை சரோஜா அத்தையுடையது. அவரும் இட்லி மாவுதான் விற்றார், வாயிலும் சளைத்தவர் இல்லை. "உன் மாவுல சுட்ட இட்லிய செவுத்துல அடிச்சா திரும்பி வரும்" என்பார். வாங்க வந்தவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். அவர் மகளோடு நான் பேசக்கூடாது என்று வீட்டில் உத்தரவு.

அத்தனையும் நாடகம் என்று தெரிந்த நாளில் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கோயில் கூட்டத்தில் அம்மாவைத் தேடிப் போனவள், பிராகாரத்தின் பின்பக்கம் இருவரும் ஒரே தொன்னையில் பொங்கல் தின்றுகொண்டு விலை பேசுவதைப் பார்த்தேன். உளுந்து ஏறிவிட்டது, திங்கட்கிழமை நான் ஏற்றுகிறேன், இரண்டு நாள் என்னைத் திட்டிவிட்டு நீயும் ஏற்று என்று அம்மா சொல்ல, அத்தை தலையாட்டினார். அப்படியே நடந்தது; தெருவும் நம்பிக் கூடுதலாகக் கொடுத்தது. இதற்கு அம்மா வைத்த பெயர் "கட்டுப்பாடு".

அந்தக் கட்டுப்பாட்டில் ஒரு கோணல் இருந்தது. அத்தையின் கடை அவருடைய சொந்த வீட்டின் முன்னறை, கிரைண்டர் ஓடியது வீட்டுக் கரண்டில். எங்களுக்கோ கடை வாடகை, கடைக்கான கரண்டு பில், கிரைண்டருக்குத் தவணை. ஒரே விலைக்கு விற்றும் அவர் வீட்டுக்கு மாடி எழும்பியது, எங்களுக்குக் கையைக் கடித்தது. இன்னும் ஏற்றினால்தான் "கட்டுப்படி" ஆகும் என்று அம்மா கேட்டபோது, வாங்குகிறவர்கள் ஓடிவிடுவார்கள் என்று அத்தை மறுத்துவிட்டார்.

பிறகு ஒரு காலையில் கடையைத் திறந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். எதிரே புதிதாக ஒரு கரும்பலகை, அதில் எங்கள் விலையைவிட வெகுவாகக் குறைந்த விலை. வசவு இல்லை, சண்டை இல்லை, அத்தை எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அந்த விலைக்கு விற்றால் எங்களுக்கு வாடகைகூடத் தேறாது. அவருக்கோ அதிலும் நாலு காசு நிற்கும். கொஞ்ச நாளில் கிரைண்டரைத் தவணைக்காரர் தூக்கிப்போனார், என் பள்ளிக்கூடமும் மாறியது. நாங்கள் கடையை மூடிய வாரமே அத்தை பழைய விலைக்கும் மேலே ஏற்றினார் என்று கேள்விப்பட்டேன். அன்றிலிருந்து அவர் எனக்குத் துரோகிதான்.

அம்மா இப்போது என்னோடு திருநின்றவூரில் இருக்கிறாள். போன மாதம் இருவரும் அந்தத் தெரு வழியாக வந்தோம். அத்தையின் வீடும் இல்லை, எங்கள் கடையும் இல்லை. இரண்டு பக்கமும் அடுக்குமாடி, கீழே வண்டிகள். அத்தை காலமாகிவிட்டார் என்று தெரிந்தும் என் வாயில் வசவுதான் வந்தது. அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவள திட்டாதடி. கட்டுப்பாட்ட மொதல்ல ஒடச்சது நான்தான். வெலைய எறக்கல, ஆனா அள்ளிக் குடுக்கும்போது ஒரு கரண்டி கொசுறு போட்டேன். அவ கஸ்டமருங்கோ பாதி பேரு நம்மகிட்ட வந்துகினு இருந்தாங்கோ. கொசுறு போடுறியான்னு அவ வந்து கேட்டப்போ, இல்லவே இல்லன்னு, தூங்கிகினு இருந்த உன் தலைமேல கைய வெச்சு சத்தியம் பண்ணேன்."

என் கை தானாக என் தலைக்குப் போனது. அதற்கு அத்தை என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல. உன்னயே பாத்துகினு இருந்தா. மறுநாளு பலகைய மாட்டிட்டா."