உட்துறைமுக வீதியில் ஒரு தர்ம நடை

நாங்கள் நான்கு பேர்: மேனேஜர் ரமணன், கணக்கர் விமலா, கட்டிங் மாஸ்டர் பிரபு, எட்டாவதோடு தையலுக்கு வந்த நான். திருப்பூர் பனியன் கம்பெனியிலிருந்து வந்து, திருகோணமலையில் மாரத்தான் தூரம் நடக்கிறோம். பிரபுவின் மகள் காவ்யாவின் இதய ஆபரேஷனுக்கு முதலாளி நான்கு லட்சம் தருவார். நால்வரும் முழுக்க நடக்க வேண்டும். ஒருவர் ஆட்டோ ஏறினாலும் கிடையாது. வெளிநாடு என்றால்தான் பேனரில் எடுப்பாக இருக்குமாம். விமான டிக்கெட் காசை நேரே ஆஸ்பத்திரியில் கட்டினால் என்ன என்று கேட்கும் அளவுக்கு எனக்குப் படிப்பில்லை.

உட்துறைமுக வீதியில் என் குதிகால் கொப்புளம் உடைகிறது. மாரடைப்பின் அறிகுறியோ என்று பயப்படுகிறேன். மற்றவர்கள் முன்னால் போய்விட்டார்கள். மீன் விற்கும் பெண் ஒருவர் எனக்கு நாற்காலி இழுத்துப் போட்டு, என் ஷூவைப் பார்க்கிறார்.

"சப்பாத்தோடயோ கதிர்காமத்துக்கு நடக்கிறியள், அண்ணை?"

"கோயிலுக்கு இல்லீங்க. ஒரு பிள்ளை ஆபரேஷனுக்கு."

"ஓம், அதுதானே நேர்த்திக்கடன்." நான் ஷூவைக் கழற்றியதும் காலைப் பார்க்கிறார். "உந்தக் காலோட ஏலாது. ஓட்டோவில ஏறுங்கோ. முருகன் கோவிக்கமாட்டார்."

"முருகன் சரிங்க. முதலாளி கோவிச்சுக்குவாரு."

அவர் சிரித்தபடி ஐந்நூறு ரூபாயை என் கையில் திணிக்கிறார்.

"பிள்ளைக்கு என்ர பங்கு. இதுக்கு நீங்கள் நடக்கத் தேவையில்லை."

நம் காசில் அது நூற்று நாற்பது. ஷூவை மாட்டிக்கொண்டு எழுகிறேன். ஆஸ்பத்திரிக்கு இன்னும் கட்ட வேண்டியது மூன்று லட்சத்துத் தொண்ணூற்றொன்பதாயிரத்து எண்ணூற்று அறுபது ரூபாய்.