சண்டைக்குப் போன இடத்தில் கிடைத்த ஆர்டர்

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், ஓசூரில் வாடகை வீட்டின் முன்னறையில் தையல் மெஷின்களைப் போட்டுக்கொண்டு நான் தொழில் தொடங்கியிருந்த நேரம். என் சொந்த ஊர் மத்தூர் பக்கம். கணவர் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. ஜாக்கெட், சுடிதார் என்று தைத்துக்கொண்டிருந்த எனக்கு முதன்முதலாக ஒரு கம்பெனி ஆர்டர் வந்தது. இருசக்கர வண்டிகளின் பெட்ரோல் டேங்குக்குப் பெயின்ட் அடித்து அனுப்பும் கம்பெனி அது. அங்கே வேலை செய்யும் பெண்களுக்கு ஓவர்கோட் தைக்க வேண்டும்.

கால் தரையில் படவில்லை எனக்கு. அக்கம்பக்கத்தில் இருந்த இரண்டு பெண்களிடம் பேசி, அவர்கள் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விடவைத்து என்னோடு சேர்த்துக்கொண்டேன். ஒருத்தி சூளகிரிக்காரி, இன்னொருத்தி வீட்டில் தெலுங்கு பேசுகிறவள். “அக்கா, உன்ன நம்பித்தான் வர்றோம்” என்றுதான் இருவரும் வந்து மெஷினில் உட்கார்ந்தார்கள்.

மாதிரிக்கு ஒரு பழைய ஓவர்கோட் கொடுத்திருந்தார்கள். அதில் பட்டன்கள் வெளியே தெரியாதபடி ஒரு துணிப் பட்டி வைத்து மூடியிருந்தது. யாரோ தைக்கத் தெரியாதவர் தைத்தது என்று முடிவு கட்டிவிட்டேன். நமக்குத்தான் எல்லாம் தெரியுமே! பட்டியை எடுத்துவிட்டு, தேடிப் பிடித்து வாங்கிய பளபளக்கும் ஸ்டீல் பட்டன்களை முன்பக்கம் வரிசையாக வைத்தேன். முதல் கட்டு ஓவர்கோட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, வாங்கியவர்கள் அசந்துபோவார்கள் என்று நிஜமாகவே எதிர்பார்த்தேன்.

மறுநாளே ஆள் வந்துவிட்டது. ஓவர்கோட் எதுவும் சரியில்லையாம், எல்லாவற்றையும் திருப்பி எடுத்துப் போக வேண்டுமாம். எனக்கு வந்ததே கோபம். அந்தப் பெண்கள் இருவரும் மெஷினை நிறுத்திவிட்டு என் முகத்தையே பார்த்தார்கள். அப்படியே டவுன் பஸ் ஏறி கம்பெனிக்குப் போனேன்.

ஸ்டோர்ஸ் அதிகாரி ஒருவர், நடுவயதுக்காரர், வாசல் கேட்டுக்கு வந்தார். பட்டன் எவ்வளவு உசத்தி, தையல் எவ்வளவு கெட்டி, இதைப் போல ஓசூரிலேயே கிடைக்காது என்று மூச்சு விடாமல் பொரிந்து தள்ளினேன். வாட்ச்மேன் கூடத் திரும்பிப் பார்த்தார். அதிகாரி குரலை உயர்த்தவே இல்லை.

“மொதல்ல உள்ள வந்து பாருங்கம்மா. அப்புறமா சண்ட போடலாம்” என்றார்.

பேக்கிங் நடக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனார். நான் தைத்த ஓவர்கோட் ஒன்றை என்னையே போட்டுக்கொள்ளச் சொல்லி, அங்கிருந்த சிவப்பு டேங்க் ஒன்றைத் தூக்கிப் பெட்டியில் வைக்கச் சொன்னார். குழந்தையைத் தூக்குவது போல மார்போடு அணைத்துத்தான் அதைத் தூக்க முடியும். தூக்கினேன், இறக்கினேன். பட்டன் உரசிய இடத்தில், கண்ணாடி போல மின்னிய பெயின்டில் நீளமாக ஒரு கோடு.

இதற்கும் சேர்த்து என்னிடம் பணம் கேட்பார்களே என்று அந்தக் கீறலை விரலால் தேய்த்துத் தேய்த்துப் பார்த்தேன்.

“பயப்படாதீங்க, அது ஏற்கெனவே ரிஜெக்ட் ஆன டேங்குதான்” என்றார்.

பிறகு அவர் செய்ததுதான் பெரிய உதவி. டீ இடைவேளைக்கு வந்த பெண்களிடம் என்னை விட்டுவிட்டு, “இவங்ககிட்ட கேட்டுத் தைங்க. என்னைக் கேட்டா எனக்கு கோட்டோட கலர் மட்டுந்தான் தெரியும்” என்று ஒதுங்கிக்கொண்டார். கேட்டதுதான் தாமதம், தமிழும் கன்னடமும் தெலுங்குமாகக் கொட்டினார்கள். துப்பட்டா கழுத்துப் பக்கம் பிதுங்கி வெளியே வருகிறது என்றாள் ஒருத்தி. வயிற்றில் பிள்ளையோடு வேலைக்கு வரும் பெண், முன்பக்கம் எதையுமே இறுக்கிப் போட முடியவில்லை என்றாள். “கையத் தூக்குனா கக்கத்துல புடிக்குதுக்கா, பழசும் அப்படித்தான், யாருகிட்ட சொல்றது?” என்றாள் இன்னொருத்தி. அந்தப் பழைய ஓவர்கோட்டைத் தைத்தவரும் இவர்களிடம் வந்து கேட்டதில்லை.

கிளம்பும்போது அதிகாரியிடம், ஆர்டரை ரத்து செய்யாமல் எனக்காக ஏன் இவ்வளவு மெனக்கெட்டீர்கள் என்று கேட்டேன். “மத்தவங்களா இருந்தா சரக்க எடுத்துக்கினு போயே போயிருப்பாங்க. நீங்க சண்டைக்காவது வந்தீங்களே” என்று சிரித்தார்.

வீட்டில் நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்து எல்லாவற்றையும் பிரித்தோம். முன்பக்கம் வெறும் துணி, பக்கவாட்டில் கட்டிக்கொள்ள நாடா, கக்கத்தில் தளர்வு, கழுத்து கொஞ்சம் உயரம். கொண்டுபோய்க் கொடுத்தபோது முதலில் போட்டுப் பார்த்தது அந்தப் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்தான். நாடாவைத் தன் வசதிக்குத் தளர்த்திக் கட்டிக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். பஸ்ஸில் வரும்போது அழுகையே வந்துவிட்டது எனக்கு.

அந்த ஆர்டர் நிலைத்தது. கம்பெனிப் பெண்களைக் கேட்டு நாங்கள் மாற்றிய மாடலைப் பார்த்துத்தான் வேறு கம்பெனிகளும் தேடி வந்தன. என்னை நம்பி வந்த இருவரும் இன்று எங்கள் யூனிட்டை என்னோடு சேர்ந்து நடத்துகிறார்கள். அந்த அதிகாரி மாற்றலாகிப் போய்விட்டார். எந்த ஊர் என்று தெரியாததால் நேரில் நன்றி சொல்ல எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

தொழிலில் முன்னேற என்ன குணம் வேண்டும் என்று புதிதாகத் தொடங்கும் பெண்கள் என்னிடம் கேட்பதுண்டு. பொறுமை என்று சொல்ல எனக்கு வாய் வராது, அது இன்றுவரை என்னிடம் இல்லை. யாராவது என் தையலில் குறை சொன்னால் இப்போதும் சுருக்கென்று கோபம்தான் வருகிறது. ஆனால் அந்தக் கோபத்தோடேயே அவர்கள் வேலை செய்யும் இடத்துக்குப் போய் நின்று பார்த்துவிடுகிறேன். வேண்டாம் என்று ஒரே வார்த்தையில் அனுப்பியிருக்கக்கூடிய ஒருவர் எனக்குக் கதவைத் திறந்துவிட்டார். அதனால்தான் குறை சொல்கிற ஒவ்வொருவரும், என்னை விட்டுப் போகாமல் நின்று சொல்கிற மனிதராக எனக்குத் தெரிகிறார்.