தடியனுக்கு ஒரு மாத்திரை

தையற்காரியின் வீட்டில் மொத்தம் இரண்டு அறைகள். உள்ளறையில் மாமனாரின் கட்டில். முன்னறையில் தையல் மெஷின், துணி மூட்டைகள், இஸ்திரி மேசை, அவளும் கணவனும் படுக்கும் பாய். இத்தனைக்கும் நடுவில்தான் தடியனும் வந்து சேர்ந்தான்.

தடியன் ஒரு நாய். கொழுந்தன் கடல் கடந்து வேலைக்குப் போனபோது, "கொஞ்ச நாளைக்குத்தான் அண்ணி. அங்க ஒரு வீடு அமைஞ்சதும் வந்து கூட்டிட்டுப் போயிடறேன்" என்று சொல்லி இங்கே விட்டுப் போன நாய். அவன் வைத்திருந்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு நின்ற அந்த உருவத்தைப் பார்த்து மாமனார்தான், "யாருடா இந்தத் தடியன்?" என்றார். அதுவே நிலைத்துவிட்டது. கன்றுக்குட்டி உயரம். சந்தோஷத்தில் வாலை ஆட்டினால் மேசைமேல் இருக்கிற டம்ளர் தரைக்கு வந்துவிடும். வெளியே கூட்டிப் போனால் தெருவே சிரிக்கும். "யாரு யாரைம்மா கூட்டிட்டுப் போறீங்க?" என்று இஸ்திரிக்காரர் கேட்காத நாளில்லை.

கொஞ்ச நாள் என்றது வருஷத்தைத் தாண்டிவிட்டது.

அவளுக்கு நாய் மேல் கோபம் இல்லை. சொல்லப்போனால் அது வந்த பிறகுதான் அவளால் ஒரு சட்டையை எடுத்தால் முழுதாகத் தைத்து முடிக்க முடிந்தது. மாமனார் பேருந்து நடத்துனராக இருந்தவர். நாளெல்லாம் நின்றபடி ஊரோடு பேசிக்கொண்டே இருந்த மனிதர், பக்கவாதம் வந்து ஒரு கை ஒரு கால் விழுந்து கட்டிலோடு கிடந்தார். விழித்திருக்கும் நேரமெல்லாம் "அம்மாடி, அம்மாடி" என்று அவளைக் கூப்பிட்டபடி இருப்பார். போய் நின்றால் ஒன்றும் இருக்காது. "சும்மாதான்" என்பார். தடியன் வந்து கட்டிலோரம் படுத்ததும் அந்தக் கூப்பாடு பாதியாகக் குறைந்தது. நல்ல கையை அதன் கழுத்து மயிருக்குள் நுழைத்துக்கொண்டு கிடப்பார். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை அதே கையைக் குழந்தை மாதிரி வாயில் வைத்துக்கொள்வார். எத்தனை தடவை எடுத்துவிட்டாலும் திரும்ப வாய்க்கே போகும்.

வீட்டில் ஒரு பூனையும் உண்டு. யாரும் வளர்க்கவில்லை, தானாக வந்தது. தடியனின் வயிற்றை மெத்தையாக்கிக்கொண்டு தூங்கும்.

உண்ணி எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியாது. முதலில் காதுக்குள் ஒன்றிரண்டு. இடுக்கியால் பிடுங்கிப் போட்டாள். பிறகு விரலிடுக்கில், அக்குளில், கழுத்து மடிப்பில். பிடுங்கப் பிடுங்க வந்தது. கடைக்காரர் ஒரு பொடி கொடுத்தார். அதைத் தூவியதில் அவளுக்குத் தும்மல் வந்ததுதான் மிச்சம். மருந்துத் தண்ணீரில் குளிப்பாட்டிப் பார்த்தாள். குளியலறையில் தடியன் நின்றால் அவளுக்கு நிற்க இடமில்லை. அது உடம்பை ஒரு உதறு உதறியதில் அவள்தான் முழுதாகக் குளித்து வந்தாள்.

கணவன் லாரி ஓட்டுகிறவன். வீட்டில் இருக்கும் நாளைவிட ரோட்டில் இருக்கும் நாள்தான் அதிகம். அவனிடம் சொன்னாள்.

"நீயே பார்த்து ஏதாவது பண்ணும்மா. உனக்குத் தெரியாததா?" என்றான்.

கேட்கிறவர்களுக்கு இது பெண்டாட்டி மேல் வைத்த நம்பிக்கை மாதிரி இருக்கும். அவளுக்கு அது வெளியிலிருந்து கதவைச் சாத்துகிற சத்தம் மாதிரிதான் இருந்தது.

பக்கத்து மருத்துவமனைக்கு நர்ஸ்களின் வெள்ளைக் கோட்டுகளைத் தைத்துக் கொடுப்பதுதான் அவளுடைய நிரந்தர வேலை. ஒருநாள் மூட்டையைக் கொண்டுபோய் வைத்தபோது தலைமை நர்ஸ் மேலே இருந்த கோட்டை எடுத்து உதறினாள். காலரின் மேல் ஒன்று நிதானமாக ஊர்ந்தது. சாம்பல் நிறம், மிளகு அளவு. வெள்ளைத் துணியில் அது ஊர்வதை அறையில் இருந்த எல்லாரும் பார்த்தார்கள்.

"இது என்ன?"

"வீட்டுல நாய் இருக்கு…"

தலைமை நர்ஸ் நல்லவள். குரலை உயர்த்தவில்லை. மூட்டையை அப்படியே கட்டித் திருப்பிக் கையில் கொடுத்தாள். "உங்க தையலைக் குறை சொல்ல முடியாது. ஆனா இது ஆஸ்பத்திரி. வீட்டுல அந்தப் பிரச்சினை தீர்ந்ததும் வாங்க. அதுவரைக்கும் துணி தர முடியாதுங்க."

வீட்டுக்கு வந்து மெஷினை நகர்த்திப் பார்த்தாள். பின்னால் சுவர் விரிசலில் எறும்புப் புற்று மாதிரி உண்ணி மொய்த்துக் கிடந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். உள்ளேயிருந்து "அம்மாடி" என்று குரல் வந்தது. எழவில்லை. அது அவளுக்கே புதுசாக இருந்தது.

மறுநாள் பக்கத்து வீட்டுக்காரியை மாமனாருக்குத் துணையாக வைத்துவிட்டுத் தடியனை நாய் டாக்டரிடம் இழுத்துப் போனாள். டாக்டர் இளம் பெண். பேச்சு கறார், கை மென்மை. தடியன் எடை மேடையில் நிற்கமாட்டேன் என்று அடம் பிடித்தது. கடைசியில் அவள் ஏறி அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு அவள் மட்டும் நின்றாள். கழித்துப் பார்த்த டாக்டர் சிரித்துவிட்டாள்.

"உங்களைவிட இவன்தான் கனம்."

"தெருவுல எல்லாரும் அதைத்தான் சொல்றாங்க டாக்டர். இப்ப நீங்களும் சொல்லிட்டீங்க."

"இவ்வளவு பெரிய நாய்க்குக் கண் மதிப்புல மருந்து கொடுக்கக் கூடாதும்மா. குறைஞ்சா உண்ணி சாகாது. கூடினா நாய்க்கு ஆபத்து. எடைக்குத் தகுந்த அளவுதான்." டாக்டர் மேசைமேல் மூன்று பெட்டிகளை எடுத்து வைத்தாள். "இது முதுகுல விடுற சொட்டு மருந்து. வீட்டுல பூனை இருக்கா?"

"இருக்கு. இவன் மேலதான் தூங்கும்."

"அப்ப இது வேண்டாம். நாய்க்கு மருந்து, பூனைக்கு விஷம்." முதல் பெட்டி நகர்ந்தது. "இது கழுத்துப்பட்டை. மாசக்கணக்குல வேலை செய்யும். சின்னக் குழந்தைங்க யாராவது இவனோட விளையாடுவாங்களா?"

"குழந்தை இல்ல. மாமனார். நாள் முழுக்க இவன் கழுத்துலதான் கை. அந்தக் கையை வாயில வேற வைப்பார்."

இரண்டாவது பெட்டியும் நகர்ந்தது. மிச்சம் ஒன்று.

"அப்போ மாத்திரைதான். மேல எதுவும் ஒட்டாது. பூனைக்கும் பயமில்லை, பெரியவருக்கும் பயமில்லை. உண்ணி கடிச்சா உண்ணி சாகும். ஆனா ஒரு கேள்வி. இவனுக்கு எப்பவாவது வலிப்பு வந்ததுண்டா?"

"ஏன் டாக்டர்?"

"வலிப்பு இருக்கிற நாய்க்கு இதைக் கொடுக்க நான் யோசிப்பேன். அப்படி இருந்தா உங்க வீட்டுச் சூழ்நிலைக்கு என் கையில சுலபமா எதுவும் இல்ல. இவனை வேற இடத்துல விடறதைப் பத்திக் கூட நாம பேச வேண்டி வரும்."

அவள் மனசுக்குள் ஏதோ நின்றது. ஆமாம் என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் போதும். குற்றம் அவளுடையது ஆகாது. டாக்டரே சொல்லிவிட்டார் என்றாகிவிடும். கணவனும் வாயைத் திறக்க முடியாது, கொழுந்தனும் திறக்க முடியாது. தடியன் அவள் செருப்பின் மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது.

"எனக்குத் தெரியல. கேட்டுச் சொல்றேன்," என்றாள்.

திரும்பும் வழியில் கிடங்கு முதலாளி மறித்தார். தெருக்கோடியில் மரச்சாமான் கிடங்கு வைத்திருப்பவர். "என்னம்மா, ஆஸ்பத்திரி வரைக்கும் போக ஆரம்பிச்சாச்சா? பேசாம என்கிட்ட விட்டுடுங்க. வாசல்ல கட்டிப்போட்டா ஒரு ஈ காக்கா உள்ள வராது. சாப்பாடு என் பொறுப்பு."

கிடங்கு வாசலில் ஏற்கெனவே ஒரு சங்கிலி கிடந்தது. முன்பு இருந்த நாயுடையது. அந்தச் சங்கிலியின் நீளத்துக்குத் தரையில் புல் தேய்ந்து ஒரு அரைவட்டம் விழுந்திருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யோசிச்சுச் சொல்றேன் அண்ணே."

"யோசிக்க என்ன இருக்கு? ரெண்டு பேருக்கும் நல்லது."

வீட்டுக்கு வந்ததும் கொழுந்தனுக்குப் போன் போட்டாள்.

"வலிப்பா? சேச்சே, அதெல்லாம் ஒரு தடவைகூட வந்ததில்ல அண்ணி. குட்டியிலேர்ந்து இரும்பு மாதிரி இருக்கும்." பிறகு கொஞ்சம் தயங்கினான். "அண்ணி, ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். இங்க ஒரு பொண்ணைப் பார்த்திருக்கேன். இங்கேயே இருந்துடலாம்னு… அவளுக்கு நாய்ன்னாலே ஆகாது. அது இனிமே உங்க நாய்தான் அண்ணி. அண்ணன்கிட்ட முன்னாடியே சொல்லிட்டேனே, சொல்லலையா?"

ஆக, கணவனுக்குத் தெரியும். நீயே பார்த்து ஏதாவது பண்ணு என்று சொன்ன அன்றைக்கும் தெரியும்.

"சொன்னாரு, சொன்னாரு. மறந்துட்டேன்," என்றாள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே புரியவில்லை. ஏமாந்தது வெளியே தெரியக் கூடாது என்று தோன்றியிருக்கலாம்.

அன்று முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. துணியும் இல்லை, ஓட. டாக்டரிடம் என்ன சொன்னாலும் சொன்னதுதான். உண்மை அவளுக்கும், கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒருவனுக்கும்தான் தெரியும். கிடங்கு முதலாளி காத்திருக்கிறார். தடியன் போனால் உண்ணி போகும், வெள்ளைத் துணி திரும்ப வரும். கூடவே "அம்மாடி, அம்மாடி" என்ற கூப்பாடும் பழையபடி வரும். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்தான். எந்தச் சுவர் கொஞ்சம் தள்ளி இருக்கிறது என்று பார்ப்பதற்குப் பெயர்தான் முடிவெடுப்பதா என்று அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

சாயங்காலம் மாமனாருக்கு முகம் துடைத்துவிடும்போது காதுமடலின் பின்னால் விரலில் ஏதோ தட்டுப்பட்டது. மச்சம் என்று நினைத்தாள். அங்கே அவருக்கு மச்சம் கிடையாது. விளக்கைப் பக்கத்தில் இழுத்துவைத்துப் பார்த்தாள். கால்கள் அசைந்தன.

"ஆடாம இருங்க மாமா."

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. தூசி."

இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து மெதுவாக இழுத்தாள். வந்துவிட்டது. ஒரு பொட்டு ரத்தம். சோப்புத் தண்ணீரில் கழுவிவிட்டாள். உண்ணியை அந்தத் தண்ணீரிலேயே போட்டாள். அது என்னவென்று அவருக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது. குழறிக் குழறிச் சொன்னார்: "அவனை… கட்டிப்போட… கொடுத்துடாதே. கட்டிப்போட்டா… எப்படி இருக்கும்னு… எனக்குத் தெரியும்."

கிடங்குக்காரரோடு பேசியதைப் பக்கத்து வீட்டுக்காரி வாசலில் நின்று பார்த்திருக்கிறாள், உள்ளே வந்து இவர் காதில் போட்டிருக்கிறாள். அவளுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. உங்களைக் கட்டிப்போட்டது உங்க உடம்பு. என்னைக் கட்டிப்போட்டது யாரு? அதைக் கேட்காமல் தண்ணீர்க் கிண்ணத்தை எடுத்துப் போனாள்.

காலையில் டாக்டரிடம் போய், "வலிப்பு வந்ததே இல்லையாம்," என்றாள். சொல்லி முடித்ததும் உடம்பு கனத்தது, லேசாகவில்லை. உண்மை பேசினால் லேசாகிவிடும் என்று சொன்னவர்கள் யாரும் அந்த வீட்டில் இருந்து பார்த்ததில்லை.

டாக்டர் எடைக்கேற்ற மாத்திரையைக் கொடுத்தாள். "சாப்பாட்டோட கொடுங்க. அப்புறம் ஒரு நாள் ரெண்டு நாள் கவனமா பாருங்க. தள்ளாடினாலோ, வாந்தி எடுத்தாலோ உடனே கூட்டிட்டு வாங்க. இன்னொண்ணு, நாய் மேல இருக்கிறதெல்லாம் செத்தாலும் சுவருக்குள்ள முட்டை இருக்கும். அது பொரிச்சு வந்துக்கிட்டே இருக்கும். ஒரு மாத்திரையோட முடியாது. மாசாமாசம் விடாம கொடுக்கணும்."

"எவ்வளவு நாளைக்கு டாக்டர்?"

"இவன் இருக்கிற வரைக்கும்."

தடியன் மாத்திரையைச் சோற்றிலிருந்து பொறுக்கி எடுத்துத் துப்பியது. முட்டையில் பொதிந்து வைத்தாள். முட்டை உள்ளே போனது, மாத்திரை தரைக்கு வந்தது. வாயைப் பிளந்து போட்டால் அவள் முகத்திலேயே இருமியது. கடைசியில் மாமனார் கையை நீட்டினார். மாத்திரையை ரொட்டித் துண்டில் வைத்து அவர் உள்ளங்கையில் கொடுத்தாள். தடியன் முகர்ந்துகூடப் பார்க்காமல் விழுங்கியது. அவர் முகத்தில் ஒரு பக்கம் மட்டும் சிரித்தது. அந்தக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டபோது அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இரண்டு நாள் நாயைவிட்டுக் கண்ணெடுக்காமல் இருந்தாள். ஒன்றும் ஆகவில்லை. உண்ணிகள் காய்ந்து உதிர ஆரம்பித்தன. பாய், திரை, கட்டில் விரிப்பு எல்லாவற்றையும் கொதிநீரில் போட்டு எடுத்தாள். மெஷினை நகர்த்திவிட்டு விரிசல்களைச் சுரண்டி, சிமென்ட் குழைத்துத் தானே பூசினாள். புதிது புதிதாகக் குஞ்சு உண்ணிகள் வந்தன, தடியனைக் கடித்தன, செத்தன. அடுத்த மாத்திரை, அதற்கடுத்தது. மெதுவாக வீடு உண்ணி இல்லாத வெறும் வீடானது. தலைமை நர்ஸ் ஒரு கோட்டைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்துவிட்டு, பிறகு மூட்டையாகவே அனுப்பினாள்.

கணவன் வந்தான். தடியனின் காதைத் திருப்பிப் பார்த்து, "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்ல, நீ பார்த்துப்பேன்னு!" என்று பெருமைப்பட்டான். தம்பிக்குப் போன் போட்டு, "உங்க அண்ணி சாமர்த்தியம்டா. இனிமே நாய்க்கு இவளைவிட நல்ல ஆள் கிடைக்காது," என்றான். போனுக்குள்ளிருந்து கொழுந்தன் சிரிப்பது கேட்டது.

அவள் மெஷினை நிறுத்தினாள்.

"தம்பி திரும்பி வரமாட்டான்னு உங்களுக்கு எப்ப தெரியும்?"

அவன் போனை அணைத்தான்.

"சொன்னா நீ மறுத்துடுவியோன்னு…"

"மறுத்திருப்பேனோ என்னவோ. கேட்டிருக்கலாம் இல்ல?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்த முகத்தைப் பார்க்கவும் அவளுக்கு அலுப்பாக இருந்தது. சண்டை போட்டுத் தீர்கிற விஷயமா இது? நாய்ச் சங்கிலியை எடுத்து அவன் மடியில் போட்டாள்.

"வீட்டுல இருக்கிற நாளெல்லாம் இவனை வெளிய கூட்டிட்டுப் போறது உங்க வேலை. அப்பாவைக் குளிப்பாட்டறதும். நான் மறுத்தா என்ன பண்றதுன்னு யோசிச்சீங்கல்ல, அதே மாதிரி நீங்க மறுத்தா நான் என்ன பண்ணுவேன்னும் யோசிச்சுக்குங்க."

அவன் சங்கிலியோடு எழுந்தான். தடியன் அவனை இழுத்துக்கொண்டு படியிறங்கியது. தெருவில் இஸ்திரிக்காரரின் கேலி எழுந்து அடங்கியது.

முன்னறை காலியாக இருந்தது. வாசல் திறந்திருந்தது. கொஞ்ச நேரம் சும்மா நடந்துவிட்டு வரலாமா என்று நினைத்தாள். செருப்பில் காலைக்கூட நுழைத்தாள். எங்கே போவது என்றுதான் தோன்றவில்லை. இத்தனை வருஷத்தில் வேலை இல்லாமல் அவள் அந்தத் தெருவில் இறங்கியதில்லை.

"அம்மாடி," என்றது உள்ளறை. கை வைக்கத் தடியனின் கழுத்து இல்லாமல் தேடுகிறார்.

"வரேன் மாமா," என்றாள். ஆனால் உடனே போகவில்லை. வாசல்படியில் உட்கார்ந்து, நாயும் அவனும் தெருக்கோடியில் திரும்பி மறைகிற வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் எழுந்து உள்ளே போனாள்.