உதறிய பிறகு கழுவினேன்

பிளேக் அப்போது ஆரணிக்குள் வந்திருக்கவில்லை. மைசூர்ப் பக்கம் வீடு வீடாகச் சாகிறார்கள் என்று வண்டிக்காரர்கள் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஊருக்குள் வருகிற ரஸ்தாக்களில் எல்லாம் சர்க்கார் சாவடி போட்டு, வருகிறவர்களுக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னது. ஆண்களைப் பார்க்க ஆள் கிடைத்துவிட்டான். பெண்களைத் தொட்டுப் பார்க்க ஒரு பெண் வேண்டுமே! நான் மிஷன் ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுக்கொண்டும் மருந்து கலக்கிக்கொண்டும் இருந்தவள். கிறிஸ்து வேதக்காரி, விதவை, இங்கிலீஷ் எண் படிப்பவள். வேண்டாம் என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. கண்ணமங்கலம் ரஸ்தாவில் இருந்த சாவடிக்கு என்னைத் தூக்கிப் போட்டார்கள்.

மூன்று தர்மாமீட்டர்கள் என் பொறுப்பு. விரல் நீளக் கண்ணாடிக் குச்சி, உள்ளே பாதரசக் கோடு. நூறுக்கு மேல் காட்டினால், ஆற்றுக்கு அந்தப் பக்கம் கீற்றுப் போட்டிருந்த கொட்டகைக்கு அனுப்பிவிட வேண்டும். அங்கே பத்து நாள். காய்ச்சல்காரர்கள் எல்லோரும் ஒரே கொட்டகையில்தான் இருந்தார்கள். நோய் இருக்கிறவள், இல்லாதவள் என்ற பிரிவினை எல்லாம் கிடையாது. அதனால் ஜனங்களுக்குப் பிளேக்கைவிடக் கொட்டகையின் மேல்தான் பயம் அதிகம். எனக்கும் அப்படித்தான்.

சாவடிக்குப் பொறுப்பான டாக்டர் எனக்கு வேலை சொல்லிக்கொடுத்தது மூன்றே வார்த்தையில். "உதறணும், கழுவணும், வெக்கணும். இந்த வரிசை மாறக் கூடாது." உதறினால்தான் போன ஆளின் சூட்டில் ஏறிய பாதரசம் இறங்கும். கழுவினால்தான் சுத்தம். கழுவ ஒரு கிண்ணத்தில் மருந்துத் தண்ணீர் கொடுத்திருந்தார். பச்சைத் தண்ணீரில் கலந்தது; நாற்றம் குடலைப் பிடுங்கும். நான் வரிசையை ஒருநாளும் மாற்றவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

ஆனால் அந்தத் தண்ணீரைப் பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. வாயில் வைக்கவே விடமாட்டோம் என்று சண்டை போட்டு, கக்கத்தில் வைக்கலாம் என்று அப்போதுதான் ஒருவழியாக இறங்கி வந்திருந்தார்கள். அதிலும் ஒரு பேஜார். "எவ எவ வேர்வையோ! இந்த நாத்தத் தண்ணில முக்கினா தீட்டு போயிடுமா? வெந்நீர்ல கழுவும்மா, நாங்க பாக்கறாப்பல கழுவு" என்று பிடித்துக்கொண்டார்கள். சாவடிக்குப் பக்கத்திலேயே பட்டு நூலை வேகவைத்துச் சாயம் போடுகிற வீடு. அங்கே அடுப்பில் எப்போதும் தண்ணீர் கொதிக்கும். அவர்களிடம் ஒரு சட்டி கேட்டு வாங்கி, கை பொறுக்கிற சூட்டுக்கு ஆற்றி, எல்லோரும் பார்க்கக் கழுவினேன். கூட்டம் அடங்கியது. இதை டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னால் கத்துவார்.

முதல்நாள் வெந்நீர் வைத்துக் கழுவியபோது வரிசையில் முன்னால் நின்றது ஒரு நெசவுக் குடும்பத்துப் பெண்பிள்ளை. எட்டு ஒன்பது வயது இருக்கும். வேலூரில் மாமன் வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்விட்டு அம்மாவோடு ஊர் திரும்பியவள். உதறினேன், வெந்நீரில் கழுவினேன், கக்கத்தில் வைத்தேன். எடுத்துப் பார்த்தால் நூற்றிரண்டு.

"காலைல கூட கல்லு மாதிரி இருந்தாளேங்க! வண்டில பாட்டு பாடிகினு வந்தா. தொட்டுப் பாருங்க!" என்றாள் அம்மாக்காரி.

தொட்டுப் பார்த்தேன். சூடாகத்தான் இருந்தது போல இருந்தது. வெயிலில் நின்ற பிள்ளை வேறு எப்படி இருக்கும்? அது அப்போது எனக்குத் தோன்றவில்லை. "கண்ணாடி சொல்லுதும்மா, நான் இன்னா பண்ணட்டும்" என்றேன்.

"அப்ப நானும் அவளோட வரேன்."

"இருங்க, உங்களையும் பாத்துடறேன்."

"என்னப் பாத்து இன்னா ஆவப் போவுது? காய்ச்சல் இருந்தாலும் இல்லாட்டியும் நான் அவளோடதான்" என்று சொல்லிவிட்டு, பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு சாவடிச் சேவகன் பின்னால் நடந்தாள். பெரிய பிள்ளை, கால் அம்மாவின் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. பின்னால் அடுத்த வண்டி வந்து நின்றுவிட்டது. அதில் ஆண்கள்தான். அவர்களுக்காக ஒதுங்கி நின்ற மற்றப் பெண்கள் மறுபடி வரிசைக்கு வருவதற்குள் சட்டித் தண்ணீர் ஆறிப்போய்விட்டது. அவர்கள் எல்லோருக்கும் தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றேழு. சரியாகவே காட்டியது.

சாயங்காலம் கடையைக் கட்டும்போது சாயவீட்டில் இன்னொரு சட்டி வெந்நீர் வாங்கி மூன்று குச்சிகளையும் உதறிக் கழுவினேன். எனக்குத் தலை லேசாக வலித்தது. நாள் பூரா வெயில். சும்மா பார்ப்போமே என்று ஒன்றை என் கக்கத்தில் வைத்தேன்.

நூற்றிரண்டு.

குச்சி தப்பாக இருக்கும் என்று இரண்டாவதை வைத்தேன். நூற்றிரண்டு. மூன்றாவதும் அதே. மூன்று சாட்சி ஒரே மாதிரி சொன்னால் நான் என்ன சொல்ல? அந்தப் பிள்ளையைத் தொட்டதில் எனக்கு ஒட்டிக்கொண்டது என்று முடிவு கட்டிவிட்டேன். தொட்டுச் சில மணி நேரம்கூட ஆகவில்லையே, அதற்குள் எப்படி என்று யோசிக்கிற நிதானம் எனக்கு இல்லை. பயந்தவளுக்குக் கணக்கு வராது.

அன்று தர்மாமீட்டர் பெட்டியோடு வீட்டுக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு கக்கத்திலும் தொடை இடுக்கிலும் நெறி கட்டியிருக்கிறதா என்று அமுக்கி அமுக்கிப் பார்த்தேன். அமுக்கிய இடமெல்லாம் வலித்தது. கர்த்தாவே, கொட்டகைக்கு மட்டும் என்னை அனுப்பிவிடாதேயும் என்று ஜெபம் செய்தேன். காலையில் எழுந்து, இன்னும் சுத்தமாக இருக்கட்டும் என்று இன்னும் சூடான தண்ணீரில் குச்சியைக் கழுவி வைத்துப் பார்த்தேன். நூற்று மூன்று! ஏறிக்கொண்டு போகிறது!

யாரிடமாவது சொல்லியிருக்கலாம். டாக்டரிடம் சொல்லியிருந்தால் ஒரு நிமிஷத்தில் என்ன தப்பு என்று கண்டுபிடித்திருப்பார். நான் சொல்லவில்லை. சொன்னால் கொட்டகை. அதற்குப் பதிலாக ஒரு காரியம் செய்தேன். தர்மாமீட்டர் வந்த பெட்டியின் மூடியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. கருவியில் ஏதேனும் குறை இருந்தால் எங்களுக்கு எழுதவும் என்று சென்னப்பட்டணத்துக் கருவிக் கடை ஒன்றின் விலாசம். ராணி தலை போட்ட தபால் கார்டு ஒன்றை எடுத்து எழுதினேன். ‘சௌக்கியமாய் இருக்கிற ஒருவருக்கு இந்தக் கருவி நூற்றிரண்டு, நூற்று மூன்று என்று காட்டுமா? மூன்றும் ஒரே மாதிரி காட்டுகின்றன. தயவுசெய்து உடனே பதில் எழுதவும்.’ அந்த ஒருவர் யார் என்று எழுதவில்லை.

கார்டு போய்ப் பதில் வர ஐந்து நாள் ஆயிற்று. அந்த ஐந்து நாளும் நான் சாவடிக்குப் போனேன். பிளேக் இருக்கிறது என்று நானே நம்பிக்கொண்டு, வருகிற போகிற பெண்களை எல்லாம் தொட்டேன். அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ள வேண்டும் போல இருக்கிறது. சாயவீட்டில் அந்த நாட்களில் அடுப்பு மூட்டவில்லை. மைசூரிலிருந்து நூல் வரவு நின்றுவிட்டது. வெந்நீர் இல்லை, பெண்கள் முணுமுணுத்தாலும் பச்சைத் தண்ணீரில்தான் கழுவினேன். வந்த பெண்கள் எல்லோருக்கும் சரியாகக் காட்டியது. வீட்டுக்குப் போய் வெந்நீரில் கழுவி என்னைப் பார்த்தால் நூற்று மூன்று. ஊருக்கெல்லாம் நிஜம் சொல்கிற கண்ணாடி எனக்கு மட்டும் பொய் சொல்லுமா என்று உட்கார்ந்து அழுவேன்.

மூன்றாம் நாள் சேவகன் ஒரு செய்தி கொண்டுவந்தான். கொட்டகையில் வெளியூர்க்காரி ஒருத்தி செத்துப்போனாள். கழுத்தில் கட்டி. கடைசி வரைக்கும் அவளுக்குத் தண்ணீர் கொடுத்தது அந்த நெசவுக்காரம்மாதான் என்றான். "நல்ல பொம்பள பாவம்" என்றான். நான் என் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் காலையில் கடிதம் வந்தது. கடையில் கருவிகளைச் சோதித்து அனுப்புகிற ஆள் ஒருவர் நல்ல தமிழில், பொறுமையாக எழுதியிருந்தார். ‘அம்மா, கருவியை எந்தத் தண்ணீரில் கழுவுகிறீர்கள்? வெந்நீர் என்றால் குறை கருவியில் இல்லை. ஒருமுறை ஏறிய பாதரசம் தானாக இறங்காது. உதறிய பிறகு வெந்நீரில் கழுவினால் அந்தத் தண்ணீரின் சூடு அப்படியே நின்றுவிடும். நீங்கள் பார்த்தது நோயாளியின் சூடு அல்ல, தண்ணீரின் சூடு. பச்சைத் தண்ணீரில் கழுவி, பிறகு உதறி, கோடு தொண்ணூற்றைந்துக்குக் கீழே இறங்கியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வைக்கவும்.’

அவர் சொன்னபடியே செய்தேன். தொண்ணூற்றெட்டு! இன்னொரு தடவை பார்த்தேன். தொண்ணூற்றெட்டு! அடி பைத்தியக்காரி என்று சத்தமாகச் சிரித்தேன். ஐந்து நாளாகத் தொண்டையில் இறங்காத கஞ்சியை ஒரு செம்பு நிறைய ஊற்றிக் குடித்தேன். செம்பைக் கீழே வைத்த பிறகுதான் அந்தப் பிள்ளை ஞாபகத்துக்கு வந்தாள். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். பிள்ளை அப்புறம்தான் வந்தாள். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாக டாக்டரிடம் போனேன். படித்தார். அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. "வெந்நீர் யார் சொன்னது?" என்று மட்டும் மெல்லக் கேட்டார். பிறகு, "அந்தப் பொண்ண இப்பவே பாரு. ஜுரம் இல்லன்னா விட்டுடலாம். அம்மாவையும் பாரு. உன்ன அப்புறம் கவனிக்கறேன்" என்றார். அவரும் கூடவே வந்து, கொட்டகை வாசலில் பதிவுப் புத்தகத்தோடு உட்கார்ந்தார். நான் உள்ளே போனேன்.

பிள்ளை கீற்று ஓரமாக உட்கார்ந்து குச்சியால் மண்ணில் கோடு கிழித்துக்கொண்டிருந்தாள். பச்சைத் தண்ணீரில் கழுவினேன், உதறினேன், பார்த்தேன், வைத்தேன். தொண்ணூற்றெட்டு. வாசலைப் பார்த்து உரக்கச் சொன்னேன். "சரி, அடுத்து அம்மா" என்றார் டாக்டர்.

அம்மா வைக்கோலின் மேல் போர்த்திக்கொண்டு படுத்திருந்தாள். "ராத்திரிலேந்து குளிருதுங்க" என்றாள்.

வைத்தேன். நூற்று மூன்றரை.

உதறினேன். கோடு இறங்கியதைக் கண்ணால் பார்த்தேன். மறுபடி வைத்தேன். அதேதான். என் கக்கத்தில் வைத்தேன், தொண்ணூற்றெட்டு. அவள் கக்கத்தில் மறுபடி வைத்தேன். இந்த ஒருமுறையாவது கண்ணாடி பொய் சொல்லாதா என்று இருந்தது எனக்கு.

"எவ்ளோங்க?" என்று கேட்டாள். சொன்னேன். சொன்ன வாயோடு மற்றதையும் சொல்லிவிட்டேன். வெந்நீரை, நூற்றிரண்டை, தபால் கார்டை, எல்லாவற்றையும்.

அவள் கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தாள். "அப்ப அன்னிக்கு என் பொண்ணுக்கு ஒண்ணுமே இல்ல."

"இல்லம்மா."

"அஞ்சு நாளா நீ பயந்துகினு யார்கிட்டயும் சொல்லல." அதுவரைக்கும் ‘நீங்க’ என்று சொன்னவள் அங்கேதான் ‘நீ’ என்றாள்.

"ஆமாம்மா."

வாசலிலிருந்து டாக்டர், "இன்னும் என்ன?" என்று கூப்பிட்டார். அவள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். அந்தச் சூடு எனக்கு எண் இல்லாமலே தெரிந்தது. "அவள முதல்ல வெளிய அனுப்பு. அப்புறம் என் நம்பர சொல்லு. எனக்கு காய்ச்சல்னு தெரிஞ்சா, கூடப் படுத்தவள விடமாட்டாங்க."

"அவளுக்கும் வந்திருந்தா ஊருக்கே..."

"அதுக்குத்தான் நீ போற. பத்து நாளும் வூட்டுக்குப் போயி அவளப் பாரு. ஏறிச்சுன்னா நீயே கூட்டிகினு வந்துடு. அதுவரைக்கும் எங்க வூட்டுக்காரர் கிட்ட இத சொல்லாத. சொன்னா உன்ன வாசப்படி மிதிக்க விடமாட்டாரு. அப்புறம் அவள யாரு பாப்பாங்க? பத்து நாள் போனப்புறம் நீயே சொல்லு."

பிள்ளையின் கையைப் பிடித்து வாசலுக்குக் கொண்டுபோனேன். அம்மாவுக்கு ஆடை சரி செய்யணும், பிறகு பார்க்கிறேன் என்று டாக்டரிடம் பொய் சொன்னேன். செய்தி கேட்டு வந்து நின்ற அப்பனோடு பிள்ளை போய், ஆற்றைத் தாண்டி, மறைந்த பிறகு உள்ளே போய் வந்து நூற்று மூன்றரை என்று டாக்டரிடம் சொன்னேன். டாக்டர் என்னைப் பார்த்தார். புரிந்ததோ என்னவோ, பதிவுப் புத்தகத்தில் எண்ணை எழுதிக்கொண்டார்.

அம்மாக்காரி நாலாம் நாள் செத்துப்போனாள். வரும்போதே நோயோடு வந்திருக்கலாம், யார் கண்டது என்று டாக்டர் ஒருமுறை சொன்னார். அதை நம்ப எனக்கு ஆசைதான். ஆனால் முதல் நாள் அவளுக்கு நான் குச்சி வைத்துப் பார்க்கவே இல்லை. அந்த வெளியூர்க்காரிக்குத் தண்ணீர் கொடுத்தவள் அவள்.

பத்து நாளும் நெசவுத் தெருவுக்குப் போனேன். ஒவ்வொரு நாளும் குச்சியை எடுத்துப் பார்ப்பதற்குள் என் உயிர் போய்ப் போய் வரும். நான் ஊருக்குள் என்னத்தை விட்டுவிட்டேனோ என்ற பயம். பிள்ளை கையைத் தூக்கிக்கொண்டு, "அம்மா எப்ப வரும்?" என்று தினமும் கேட்பாள். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை என்று அப்பன் கண்ணால் சைகை காட்டுவார். தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றெட்டு.

பத்தாம் நாளும் அதேதான். குச்சியைப் பெட்டியில் வைத்து மூடினேன். தறியிலிருந்து எழுந்து வந்த அப்பன் என் எதிரில் நின்று இரண்டு கையையும் கூப்பினார். "நீங்க மட்டும் உள்ள போயி இட்டாந்திருக்காட்டி, என் பொண்ணும் அங்கயே போயிருப்பாளுங்க. உங்க காலத் தொட்டுக் கும்பிடணும்" என்றார். குனியவும் போனார்.

பத்து நாள் முடிந்துவிட்டது. இனிச் சொல்லலாம் என்று பிள்ளையின் அம்மாவே என்னிடம் சொல்லியிருந்தாள். நான், "வெயில்ல விடாதீங்க, மோர் குடுங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.