காத்தாயி பெயரில் வந்த பட்டியல்

கீழ் கோத்தகிரிச் சரிவில் ஒரு எஸ்டேட். இலங்கையிலிருந்து பத்து வயதில் கப்பலேறி வந்த காத்தாயி, அங்கே கொழுந்து பறித்தே வளர்ந்து, நாற்பது பெண்களுக்கு மேஸ்திரியானாள்.

பரமசிவன் மேனேஜராக இருந்தவரை அங்கே யாரையும் எதுவும் கேட்கிற வழக்கமில்லை. ஐந்து நிமிஷம் பிந்தி வந்தாலும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். கூடையில் முற்றல் இலை கிடந்தால் கவிழ்த்துக் கொட்டி, எல்லார் முன்னாலும் ஏசுவார். காத்தாயியும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். அவர் ஓய்வு பெற்ற அன்று தொழிலாளர் குடியிருந்த லயத்தில் பாயசமே வைத்தார்கள்.

அடுத்து வந்தவர் சசிதரன். கோயம்புத்தூரில் நிர்வாகம் படித்த இளைஞர். வந்த வாரமே நாற்காலி போட்டுப் பெண்களை உட்காரவைத்தார். "நீங்க சொல்லுங்க, நான் கேட்டுக்கறேனுங்க" என்றார். மழைக்கு ஒதுங்க இடம் கேட்டார்கள். ஒரே மாதத்தில் கொட்டகை வந்தது. சனிக்கிழமைதோறும் காத்தாயியை ஆபீசுக்குக் கூப்பிட்டு, டீ கொடுத்து, ஒவ்வொருத்தியைப் பற்றியும் விசாரிப்பார். நம்மையும் ஒரு மனுஷியாக மதித்துக் கேட்கிறாரே என்று அவள் உள்ளதைச் சொன்னாள். யாருக்குக் கை வேகம், யாருக்கு முட்டி வலி, எல்லாம் சொன்னாள். அவர் டைரியில் குறித்துக்கொண்டார்.

அப்புறம் தேயிலை விலை சரிந்தது. சிறு விவசாயிகள் பச்சை இலையை ரோட்டோரம் கொட்டினார்கள். சசிதரன் கூட்டம் போட்டார்.

"பாதிப் பேரை நிறுத்தறதா, எல்லாரும் வாரத்துக்கு மூணு நாள் வேலை செய்யறதா? நீங்களே முடிவு பண்ணுங்க."

மூன்று நாளுக்கே எல்லாக் கைகளும் உயர்ந்தன. அவர் கைதட்டினார்.

திங்கட்கிழமை காலை நோட்டீஸ் பலகையில் பதினேழு பெயர்கள் ஒட்டியிருந்தன. வேலை நீக்கம். கடைசி வரியைக் காத்தாயி எழுத்துக் கூட்டிப் படித்தாள்: 'மேஸ்திரி காத்தாயியின் பரிந்துரைப்படி.' இரண்டாம் தடவையும் விரல் வைத்துப் படித்தாள். பிறகு மேலே இருந்த பெயர்களைப் பார்த்தாள்.

ஒன்பதாவது பெயர் பாலாமணி. இருபது வருஷமாக அடுத்த நிரையில் நின்று பறித்த சிநேகிதி. "முட்டி வலின்னு உன்கிட்ட மட்டுந்தானேடி சொன்னேன்?" என்று பின்னாலிருந்து கேட்டுவிட்டு அவள் நடந்துவிட்டாள்.

காத்தாயி ஆபீசுக்கு ஓடினாள்.

"நீங்க சொன்னதுதானுங்களே அக்கா." சசிதரன் டைரியைத் திறந்து காட்டினார். முகத்தில் அதே சிரிப்பு.

"எல்லாரும் கை தூக்குனாங்களே தொரை?"

"அது அவங்க அபிப்பிராயமுங்க. கம்பெனி முடிவு கூட்டத்துக்கு முன்னாடியே வந்தாச்சு."

இத்தனை இதமாகப் பேசுகிற வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததை அவளால் நம்ப முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோத்தகிரியில் பரமசிவன் வீட்டு வாசலில் போய் நின்றாள். அவர் முழுவதும் கேட்டார்.

"நானா இருந்தாலும் ஆளைக் குறைச்சிருப்பேன். யாரையும் கேட்டிருக்க மாட்டேன். ஆனா அடியில என் பேரைத்தான் போட்டிருப்பேன். நீ எதுலயாவது கையெழுத்துப் போட்டியா?"

"இல்லீங்க."

"அப்ப லேபர் ஆபீசுல போய் அதைச் சொல்லு."

"நீங்களும் வருவீங்களா தொரை?"

"வர மாட்டேன்." கதவு சாத்திக்கொண்டது.

அவள் தனியாகவே குன்னூர் லேபர் ஆபீசுக்குப் போய் வாக்குமூலம் கொடுத்தாள். மூன்று மாத விசாரணைக்குப் பின் பட்டியல் ரத்தானது. சசிதரனை வேறு எஸ்டேட்டுக்கு மாற்றினார்கள். கம்பெனிக்கு எதிராகச் சொன்னதற்காகக் காத்தாயியின் மேஸ்திரி வேலையும் போயிற்று. மறுபடி கூடை தூக்கினாள்.

அதற்குள் பாலாமணி திருப்பூர் பனியன் கம்பெனியில் சேர்ந்திருந்தாள். காத்தாயி பஸ் பிடித்து அவள் வீட்டுக்குப் போய், எஸ்டேட்டில் அவளுக்கு வேலை திரும்பக் கிடைத்ததைச் சொன்னாள்.

"கேள்விப்பட்டேன். நீ கையெழுத்துப் போடலேன்னும் தெரியும்" என்றாள் பாலாமணி. "ஆனா நான் சொன்னதை அங்க போய்ச் சொன்னது நெசந்தானே?"

கையெழுத்துப் போடவில்லை என்றே சொல்லித் திரிந்த காத்தாயி இத்தனை மாதத்தில் அதை ஒருநாளும் யோசிக்கவில்லை.

"நெசந்தான்" என்றாள்.

"சாப்பிட்டுப் போ" என்று பாலாமணி தட்டை எடுத்து வைத்தாள். எஸ்டேட்டுக்கு மட்டும் அவள் திரும்பவே இல்லை.