வயர்லெஸ்ஸில் வந்த நைனாவின் குரல்

வங்கித் தேர்வுப் புத்தகத்தில் இன்று 'டிகோட்' என்ற சொல்லைப் பார்த்தேன். மறைத்துச் சொன்னதை உடைத்து அறிதல் என்று பொருளும், பக்கத்தில் 'கூட்வாசன்' என்று இந்தியும் போட்டிருந்தார்கள். எங்கள் குடும்பத்தில் முதலில் படித்தவள் நான். ஆனால் அப்படி உடைத்து அறியும் வேலையைப் பள்ளிக்கூடம் போகும் முன்பே செய்திருக்கிறேன்.

திருவொற்றியூரில் கடலரிப்பைத் தடுக்க இப்போது கருங்கல் கொட்டிக் கிடக்கும் இடத்தில்தான் எங்கள் வீடு இருந்தது. கரையில் ஐஸும் கூடையும் தயாராக வேண்டுமென்று, நாங்கள் நைனா என்று கூப்பிடும் அப்பா, தினமும் மதியம் நடுக்கடலிலிருந்து எங்கள் வீட்டு வயர்லெஸ் செட்டுக்குப் பேசுவார். மற்ற படகுகளும் கேட்கும் என்பதால், மீன் அள்ளினால் "சோறு வெந்துகினு கீது" என்பார், வலை காலியென்றால் "அடுப்பே பத்தல" என்பார். அந்தக் கரகரப்பைக் கேட்டுக் கேட்டு நானாகவே அதைக் கண்டுபிடித்தேன்.

பெருமை தாங்காமல் ஒருநாள் குழாயடியில், "சோறுன்னா மீனு, அக்கா" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லிவிட்டேன்.

"அட, இன்னா போலீசு மூளைடி உனுக்கு!" என்று சிரித்தாள். அவள் புருஷனும் படகுக்காரன். மறுநாள் நைனா சோறு வேகிறது என்றதும், அவர் படகைச் சுற்றி நாலு படகுகள் வலை விரித்தன.

நைனா என்னைத் திட்டவில்லை. வீட்டிலிருந்த வயர்லெஸ் செட்டைக் கழற்றிச் சித்தப்பா வீட்டில் வைத்துவிட்டார். அதன்பின் கடலிலிருந்து அவர் குரலை நான் கேட்டதே இல்லை.