தீப்பாஞ்சாள் கல்லும் வத்தல் டீச்சரும்

பதருன்னிசாவுக்குப் பள்ளிக்கூடத்தில் வைத்திருந்த பெயர் வத்தல் டீச்சர். மிளகாய் வத்தல்போல மெலிந்த உடம்பு, பக்கத்தில் போனாலே நெடி. பெயர் அவளுக்குத் தெரியும். தன்னைக் கண்டால் ஒதுங்குகிறார்கள் என்பது வசதியாக இருந்ததால் விட்டுவிட்டாள்.

எட்டயபுரத்து ஜவுளிக்கடை செய்யது அலியின் மகள். கும்பகோணத்தில் ஓவியம் படித்தவள். புருஷன் வெளிநாட்டில் இன்னொரு குடும்பம் வைத்திருப்பது தெரிந்த அன்றே பெட்டியோடு வாப்பா வீட்டுக்குத் திரும்பினாள். சமாதானம் பேச வந்த பெரிய மனிதர்களுக்கு நாற்காலிகூடப் போடவில்லை. பிறகு கோவில்பட்டிக்குக் கிழக்கே, நூறாண்டு தாண்டிய ஒரு பள்ளியில் ஓவிய ஆசிரியை வேலை கிடைத்தது.

அங்கே ஒரு கலைக்கூடம் இருந்தது. எந்தக் காலத்திலோ ஒரு தலைமையாசிரியர் சேர்த்து வைத்தவை: கரிசல் காட்டில் உழும்போது கிடைத்த முதுமக்கள் தாழி, கண்ணாடி ஓவியங்கள், பழைய மாணவர்கள் வரைந்த படங்கள், நாகலாபுரம் பக்கத்துப் புஞ்சையிலிருந்து மாட்டுவண்டியில் வந்த ஒரு கல். கல்லில் ஒரு பெண் வலது கையைத் தூக்கி நின்றாள். புருஷனோடு தீயில் இறங்கியவள் என்பார்கள். உடைந்த பெஞ்சுகளுக்கு நடுவே வௌவால் எச்சத்தில் கிடந்த அந்த அறையைப் பதருன்னிசாதான் சீராக்கினாள். அதற்கு யாரும் அவளைப் பாராட்டவில்லை. அவளும் யாரையும் உள்ளே வரச் சொன்னதில்லை.

ஆடிக்கு ஆடி நாகலாபுரம் பக்கத்திலிருந்து ஜானகியம்மாள் வருவாள். கல்லில் இருந்த தீப்பாஞ்சாள்தான் அவள் குடும்பத்துத் தெய்வம். சொந்தக்காரர்களோடு வந்து கல்லுக்கு எண்ணெய் சாத்தி, மஞ்சள் பூசி, விளக்கேற்றிப் போவாள். பழைய தலைமையாசிரியர்கள் கண்டுகொள்ளவில்லை. பதருன்னிசா பல வருடம் பல்லைக் கடித்துப் பார்த்துவிட்டு, ஒரு கோடை விடுமுறையில் உட்கார்ந்து கல்லைச் சுத்தம் செய்தாள். சுற்றிலும் சங்கிலி கட்டினாள்.

அந்த ஆடியில் ஜானகியம்மாள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எங்க ஆத்தா மேல இருந்த மஞ்ச எங்க?"

"கழுவிட்டேன். எண்ணெய்ச் சிக்குல மூஞ்சியே தெரியல. இப்பப் பாருங்க, வளையல்கூடத் தெரியுது."

"மூஞ்சி தெரியாமத்தான் எங்கம்மை கும்பிட்டா. ஒன்னய யாரு கழுவச் சொன்னா?"

"இனிமே இங்கன விளக்கு ஏத்தக் கூடாது. புகை படத்துக்கு ஆகாது. சங்கிலிக்கு வெளிய நின்னு கும்பிட்டுப் போங்க."

ஜானகியம்மாள் சங்கிலியைத் தாண்டினாள். அகலில் எண்ணெய் ஊற்றித் திரியைப் பற்றவைத்தாள். பதருன்னிசா குனிந்து, எரிகிற திரியை விரலால் நசுக்கி அணைத்தாள்.

கூட வந்த சொந்தக்காரர்கள் கத்தத் தொடங்கினார்கள்.

மறுநாளே ஜானகியம்மாளின் தம்பி மகன் லிங்கராஜ் ஒரு வேன் நிறைய ஆளோடு வந்தான். கல் ஊருக்கே திரும்ப வேண்டும் என்றான். பள்ளிச் செயலாளர் நவநீதகிருஷ்ணன், தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி, அதற்காகவே காத்திருந்தவர்போல இருந்தார். அந்த அறையில் கம்ப்யூட்டர்கள் போட வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை.

"வெள்ளிக்கிழமை தாராளமா எடுத்துட்டுப் போங்கப்பா" என்றார்.

"சார், இந்த மாதிரிப் பழைய கல்லு அரசாங்கத்தோடது, அதைக் குடுக்க நமக்கு உரிமை கிடையாது" என்றாள் பதருன்னிசா.

அவர் சிரித்தார். "அவிய சாமி, அவிய கொண்டு போறாவ. உங்களுக்கும் அந்தக் கல்லுக்கும் என்ன டீச்சர் இருக்கு?"

அந்த 'உங்களுக்கு' எதைச் சொல்கிறது என்று ஆசிரியர் அறையில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. ஆசிரியர்கள் யாரும் நிமிரவில்லை. இத்தனை வருடம் கூடவே டீ குடித்த சுதாராணி டீச்சர்கூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பதருன்னிசா எழுந்து போனாள். அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு நேரே தாலுகா ஆபீசுக்குப் போய்க் கல்லைப் பற்றி மனு எழுதிக் கொடுத்தாள். எனக்கில்லை என்றால் எவருக்கும் இல்லை என்ற ஆங்காரமும் அதில் இருந்தது. அதை அவள் மறைக்கவும் இல்லை.

வெள்ளிக்கிழமை லிங்கராஜின் டிராக்டர் வருவதற்கு முன்னால் அரசாங்க லாரி வந்தது. கல் அரசு அருங்காட்சியகத்துக்குப் போகிறது என்றார் தாசில்தார். செயலாளர் முகம் கறுத்தது. போலீஸ் கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஜனம் நின்றது. ஜானகியம்மாள் குனிந்து தரையிலிருந்து மண்ணை வாரினாள்.

"எங்க ஆத்தாள நாதியத்தவளா ஆக்கிட்டியேடி! நீ வெளங்க மாட்ட!"

மண் பதருன்னிசாவின் முகத்தில் விழுந்தது. துடைக்காமல் நின்றாள். "கல்லு நல்லாருக்கும். அது போதும்" என்றாள்.

கூலியாட்கள் கல்லைச் சாய்த்துத் தூக்கினார்கள். இரும்புச் சங்கிலி கல்லில் இருந்தவளின் தூக்கிய கைமேல் உரசியது.

"கை! கையப் பாத்து!"

இரண்டு குரல்கள் ஒன்றாகக் கேட்டன. ஒன்று பதருன்னிசாவுடையது, மற்றது ஜானகியம்மாளுடையது. ஆட்கள் பதறிச் சங்கிலியைத் தளர்த்திச் சாக்கு வைத்துக் கட்டினார்கள். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஜானகியம்மாள் காறித் துப்பிவிட்டுத் திரும்பிக்கொண்டாள். லாரி கிளம்பியபோது பதருன்னிசா இரண்டடி முன்னால் போனாள். நிறுத்தச் சொல்லிவிடலாமா என்று ஒரு நொடி வாய்வரை வந்தது. சொல்லவில்லை.

தீபாவளிக்குள் கலைக்கூடம் கம்ப்யூட்டர் அறையானது. தாழியும் படங்களும் மாடிப்படிக்கு அடியில் அடைந்தன. செயலாளர் அவளைக் கண்டால் முகம் கொடுப்பதில்லை. ஆசிரியர் அறையில் அவளோடு யாரும் பேசுவதில்லை. மதிய இடைவேளையில் மாடிப்படிக்கு அடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து, கண்ணாடி ஓவியங்களைத் தூசி தட்டுவாள். எவனாவது படியில் தடதடவென்று இறங்கினால் அவன் வகுப்புவரை துரத்திப்போய்த் திட்டுவாள்.

புஞ்சையில் ஊரார் புதுக்கல் நட்டு, தகரக் கொட்டகை போட்டார்கள் என்று கேள்விப்பட்டாள். கோவிலுக்கு நல்ல கூட்டமாம்.

அடுத்த ஆடியில் விளாத்திகுளம் பஸ்ஸில் அவள் உட்கார்ந்திருந்தாள். எட்டயபுரத்தில் ஜானகியம்மாள் பூக்கூடையோடு ஏறினாள். பஸ்ஸில் பதருன்னிசாவுக்குப் பக்கத்தில் மட்டும்தான் இடம் இருந்தது.

"இடம் இருக்குல்ல, ஒக்காரும்மா" என்றார் கண்டக்டர்.

"அவ பக்கத்துலயா? நின்னே வாரேன்."

ஜானகியம்மாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு முதுகைக் காட்டி நின்றாள். பதருன்னிசா மடியிலிருந்த பையை எடுத்துக் காலி இடத்தில் வைத்துக்கொண்டாள். விளாத்திகுளம்வரை அதை எடுக்கவில்லை.